குடுவையில் வளர்த்த அமுக்கரா வேரிலிருந்து சத்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி இது: “முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். அமுக்கரா (அசுவகந்தா) வேரை ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் வளர்த்து, அதிலிருந்து வித்தனோலைடுகளைப் பிரித்தெடுப்பது என் திட்ட வேலை. எந்தக் கரைப்பான், எந்த முறை நல்லது? பின்னாளில் இதையே சிறுதொழிலாகச் செய்ய முடியுமா?”

வித்தனோலைடுகள் என்பவை அமுக்கராவின் சத்து என்று சொல்லப்படும் வேதிப்பொருட்கள். முதல் கேள்விக்கு விடை ஒரு வரிதான். மெத்தனால், அல்லது 80 சதவீத எத்தனால், சூடேறாத மீயொலித் தொட்டி, மூன்று முறை. இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரிதான். அமுக்கராவை வைத்து முடியாது, வேறு சில வேர்களை வைத்து முடியும். இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் கரைப்பானைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும், வேலையின் வெற்றி தோல்வி அதில்தான் இருக்கிறது என்று நம்பிக் கேட்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேரைக் குடுவையிலிருந்து எடுப்பதற்கு முன்பு என்ன செய்தீர்கள், எடுத்த அரை மணி நேரத்துக்குள் என்ன செய்தீர்கள், கடைசியில் அதை எப்படி அளந்தீர்கள் என்ற மூன்றும்தான் உங்கள் எண்களைத் தீர்மானிக்கும். நடுவில் வருகிற கரைப்பான் வேலை ஒழுங்காகச் செய்தால் தானே நடந்துவிடும். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் குடுவையில் இருப்பது எந்த வகை வேர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆய்வக வேர் என்று சொல்லப்படுவது இரண்டு வகை. ஒன்று மயிர்வேர். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவை இலையிலோ விதையிலையிலோ காயம் செய்து தடவினால், அது தன்னிடமுள்ள ஆர்.ஐ. பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தின் ஒரு துண்டைத் தாவரச் செல்லின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடும். இதை 1982இல் மேரி-டெல் சில்ட்டனும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். செருகப்பட்ட துண்டில் உள்ள ‘ரோல்’ மரபணுக்களால் அந்த இடத்திலிருந்து வேர்கள் கொத்தாகக் கிளம்பும். பாக்டீரியாவுக்கு இதில் என்ன லாபம் என்றால், அந்த வேர்கள் ஒப்பைன் என்ற பொருளைச் செய்யும். அது பாக்டீரியாவுக்கு உணவு. இயற்கை இந்தக் காரியத்தை நமக்கு வெகுகாலம் முன்பே செய்து பார்த்துவிட்டது. நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மரபணுத் தொகுதியிலேயே இப்படிப்பட்ட அக்ரோபாக்டீரியத் துண்டுகள் இருக்கின்றன என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்.

மயிர்வேரின் பெரிய வசதி, அது வளர ஹார்மோன் வேண்டாம். முராஷிகே–ஸ்கூக் ஊடகம் என்ற ஊட்டக் கரைசல், 3 சதவீதச் சர்க்கரை, 25 டிகிரி, இருட்டு, நிமிடத்துக்கு எண்பது நூறு சுற்றுச் சுற்றும் ஷேக்கர், அவ்வளவுதான். மண்ணில் வளரும் வேர் செய்கிற பொருட்களையே பெரும்பாலும் இதுவும் செய்யும். கேலஸ் செல்கள் அப்படியல்ல. உறுப்பாக வடிவெடுக்காத செல் கூட்டம் பல சமயம் வேருக்குரிய பொருட்களைச் செய்வதே இல்லை.

இரண்டாவது வகை வேற்றிட வேர். பாக்டீரியா கிடையாது, ஐ.பி.ஏ. போன்ற ஆக்சின் ஹார்மோனை ஊடகத்தில் சேர்த்து இலை அல்லது தண்டுத் துண்டிலிருந்து வேரைக் கிளப்புவது. மரபணு மாற்றம் இல்லாததால் உணவுப் பொருளாக விற்க நினைப்பவர்களுக்கு இதில் தொல்லை குறைவு. தென் கொரியாவில் சங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பேக் கி-யோப் குழுவினர் ஜின்செங் வேரை இந்த வழியில்தான் காற்றுக்குமிழிக் கலன்களில் வளர்த்து, 10,000 லிட்டர் அளவு வரை கொண்டுபோனார்கள். வயலில் நான்கு முதல் ஆறு ஆண்டு எடுக்கும் ஜின்செங்கை வாரக் கணக்கில் அறுவடை செய்கிற நிலைக்குக் கொண்டுவந்தது சாதாரணக் காரியமல்ல. கலனுக்குள் சுழலும் இறக்கை கிடையாது என்பதைக் கவனியுங்கள். இறக்கை வேரை நறுக்கிவிடும், நறுக்கிய இடம் பழுப்பாகும். அடியிலிருந்து காற்றை மட்டும் ஊதினால் வேர் தானாக மிதந்து புரளும்.

அமுக்கராவில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கணபதி குழுவினர் மயிர்வேர், வேற்றிட வேர் இரண்டிலுமே நிறைய வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் திட்டத்துக்கு முன்னோடிகள் வெளியூரில் இல்லை. அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மயிர்வேர் என்றால் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்காமல் மேலே போக வேண்டாம். ஒன்று, பி.சி.ஆரில் ‘ரோல் பி’ மரபணு இருக்க வேண்டும், பாக்டீரியாவிலேயே தங்கிவிடும் ‘விர் டி’ மரபணு இருக்கக் கூடாது. பின்னது தெரிந்தால் பாக்டீரியா இன்னும் குடுவைக்குள் உயிரோடு இருக்கிறது. செஃபோடாக்சிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போட்டு மறுபடி கழுவி மறுவளர்ப்புச் செய்ய வேண்டும். இரண்டு, வேர் வரிசைகளைத் தனித்தனியாக வைத்திருங்கள். ஒரே இலையிலிருந்து கிளம்பிய இரண்டு வேர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, ஏனென்றால் மரபணுத் துண்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒன்று வேகமாக வளரும், வித்தனோலைடு குறைவு. இன்னொன்று நோஞ்சானாக இருக்கும், சத்து கூடுதல். எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கலந்துவிட்டு, பிறகு கரைப்பானை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் வீணாக அலைகிறார்கள். நல்ல வரிசையைத் தேர்ந்தெடுப்பதால் கிடைக்கும் கூடுதல், எந்தக் கரைப்பானாலும் கிடைக்காது.

அறுவடை நாளும் அப்படித்தான். வேர் வேகமாகப் பெருகும் நாட்களில் சர்க்கரையெல்லாம் வளர்ச்சிக்கே போகும். வளர்ச்சி மந்தப்பட்ட பிறகுதான் வித்தனோலைடு போன்ற இரண்டாம் நிலைப் பொருட்கள் சேரத் தொடங்கும். ஐந்து நாளுக்கு ஒரு குடுவை வீதம் எடுத்து எடையையும் சத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்; இரண்டு கோடுகளும் ஒரே நாளில் உச்சம் தொடாது. மெத்தில் ஜாஸ்மொனேட், சாலிசிலிக் அமிலம் போன்ற தூண்டிகளை இந்தக் கட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். வேர் அதைப் பூச்சியோ கிருமியோ தாக்குவதாக எடுத்துக்கொண்டு தற்காப்புப் பொருட்களைச் செய்யும். முதல் நாளே சேர்த்தால் வளர்ச்சி நின்றுபோகும். அதிகமாகச் சேர்த்தால் வேர் பழுப்பேறிச் செத்துப்போகும். நூறு மைக்ரோமோலார் அளவை ஒட்டி மேலும் கீழும் பார்ப்பது வழக்கம். ஒன்று முக்கியம். தூண்டியைக் கரைக்கப் பயன்படுத்திய எத்தனாலை மட்டும் சேர்த்த குடுவைகளையும் ஒப்பீட்டுக்கு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி வேரைக் குடுவையிலிருந்து எடுத்த அந்த அரை மணி நேரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளில் ‘வேர்கள் கழுவப்பட்டு உலர்த்தப்பட்டன’ என்று ஒரே வரியில் போய்விடும்.

குடுவையிலிருந்து வரும் வேர்ப் பந்து, ஊடகத்தை ஊறவைத்துக்கொண்டு கனமாக இருக்கும். அந்த ஊடகத்தில் வேர் தின்றது போக மீதிச் சர்க்கரை இருக்கிறது. சல்லடையில் கொட்டி ஊடகத்தை வடியவிட்டு, வடிகட்டிய நீரில் பந்தை விரல்களால் பிரித்துப் பிரித்து அலசுங்கள். மேலோட்டமாக ஊற்றினால் பந்தின் நடுவில் உள்ளது அப்படியே நிற்கும். எவ்வளவு அலசினால் போதும் என்பதற்கு ஊகம் வேண்டாம்; கரும்புச் சாற்றின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கும் கைக்கருவி இருக்கிறதல்லவா, கடைசியாக அலசிய நீரில் ஒரு சொட்டு அதில் விட்டுப் பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் ஊறப்போடவும் கூடாது. நீரில் கரையும் சத்துகள் நீரோடு போய்விடும். சில நிமிட வேலையாக முடித்து, வடிதாளில் ஒற்றி, ஈர எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைப் போக்காவிட்டால் என்ன ஆகும்? 80 சதவீத எத்தனால் சர்க்கரையையும் கரைக்கும். ஆவியாக்கிய பிறகு குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று தங்கும். எவ்வளவு நேரம் வெற்றிடத்தில் வைத்தாலும் உலராது. வெளியே எடுத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இன்னும் இளகும். அதை எடை போட்டு ‘வடிசாறு மகசூல் 40 சதவீதம்’ என்று எழுதினால், எழுதியது முக்கால்வாசி ரேஷன் சர்க்கரையின் எடை. ஆய்வக வேரின் மகசூல் நிலத்து வேரைவிட மலைபோல் உயர்ந்திருப்பதாகச் சொல்லும் அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான்.

வடித்த ஊடகத்தையும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். வேரிலிருந்து கொஞ்சம் வெளியே கசிந்திருக்கும். குறிப்பாகத் தூண்டி போட்ட குடுவைகளில் அது எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். எத்தில் அசிட்டேட்டில் குலுக்கிப் பிரித்து, ஆவியாக்கி, வேரோடு சேர்த்தே அளந்துவிடலாம்.

உலர்த்துவதில் ஆய்வக வேர் நிலத்து வேரைப் போல் நடந்துகொள்ளாது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிராம் ஈர வேரில் எட்டு பத்து கிராம்தான் மிஞ்சும். மேல்தோல் தடிப்பு இல்லை, மாவுச்சத்தும் மிகக் குறைவு. மத்தியப் பிரதேசத்து நீமச் சந்தையில் அமுக்கராவைத் தரம் பிரிப்பவர்கள் வேரை ஒடித்துப் பார்த்து, உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு தெரிந்தால்தான் முதல் தரம் என்பார்கள். அவர்கள் கையில் உங்கள் மயிர்வேரைக் கொடுத்தால் பஞ்சு என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் பிரித்தெடுப்பவருக்கு இது வசதி. எளிதில் பொடியாகும், கரைப்பான் சட்டென்று உள்ளே இறங்கும், வெந்நீரில் போட்டாலும் கஞ்சியாகாது.

வசதியில்லாத பக்கமும் உண்டு. அறுத்த பிறகும் வேர் சில மணி நேரம் உயிரோடுதான் இருக்கிறது. மெதுவாக உலரவிட்டால் அதன் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை ஒட்டிய மூலக்கூறுகளிலிருந்து சர்க்கரையைக் கழற்றும், பீனால்களைப் பழுப்பாக்கும். அதிகம் சூடேற்றினால் வேறு மாற்றம். ஜின்செங்கில் மலோனைல் ஒட்டிய ஜின்செனோசைடுகள் சூட்டில் சிதைந்து வேறு ஜின்செனோசைடுகளாகும். அவித்து உலர்த்தும் சிவப்பு ஜின்செங்கின் குணம் வெள்ளையிலிருந்து மாறுவதற்கு இத்தகைய மாற்றங்களே காரணம். உறைநிலை உலர்த்தி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் 40 டிகிரி அடுப்பில், தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டத்தோடு. அதுவும் வேண்டாம் என்றால் ஈர வேரையே நேராக மெத்தனாலில் போட்டு அரைக்கலாம். ஆல்கஹால் நொதிகளை அங்கேயே முடக்கிவிடும். ஆனால் கணக்கில் கவனம் வேண்டும். பத்து கிராம் ஈர வேரில் ஒன்பது மில்லி தண்ணீர் இருக்கிறது. தொண்ணூறு மில்லி மெத்தனால் ஊற்றினால் அது மெத்தனால் அல்ல, சுமார் 90 சதவீத மெத்தனால்.

இப்போது உங்கள் கரைப்பான் கேள்விக்கு வரலாம். வித்தனோலைடுகள் 28 கார்பன் கொண்ட ஸ்டீராய்டு லாக்டோன்கள். வித்தஃபெரின் ஏ, வித்தனோலைடு ஏ, வித்தனோன் மூன்றும் முனைவுத்தன்மையில் நடுத்தரமானவை: ஹெக்சேனில் சரியாகக் கரையாது, தண்ணீரிலும் கரையாது, குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட், மெத்தனால் ஆகியவற்றில் நன்றாகக் கரையும். ஆனால் அமுக்கரா வேரில் இவை மட்டும் இல்லை. வித்தனோசைடு நான்கு, ஐந்து என்று சர்க்கரை ஒட்டிய உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். அவை நீர்ப்பக்கம் சாய்பவை. நேராகக் குளோரோஃபார்மில் பிரித்தால் முதல் கூட்டம் வரும், இரண்டாவது கூட்டம் வேரிலேயே நின்றுவிடும். அதனால்தான் மெத்தனால் அல்லது நீர் கலந்த எத்தனால் என்று சொன்னேன். அது இரண்டு கூட்டத்தையும் கொண்டுவரும்.

செய்முறை இவ்வளவுதான். ஒரு கிராம் பொடியை முதலில் ஹெக்சேனில் குலுக்கிக் கொழுப்பைக் கழித்துவிடுங்கள். பிறகு 25 மில்லி மெத்தனால், மீயொலித் தொட்டியில் அரை மணி. தொட்டி ஓட ஓட நீர் சூடாகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பமானியைப் பார்த்து, 40 டிகிரியைத் தாண்டாமல் பனிக்கட்டி போட வேண்டும். மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த சாற்றைத் தனியே எடுத்துவைத்து, அதே பொடியில் மறுபடி மெத்தனால். மூன்று முறைக்குப் பின் நான்காவது முறையும் ஒருமுறை செய்து, அதில் ஒரு சொட்டை டி.எல்.சி. (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் வைத்து அனிசால்டிஹைடு–கந்தக அமிலம் தெளித்துச் சூடு காட்டுங்கள். நிறம் எதுவும் எழவில்லை என்றால் மூன்று முறை போதும் என்று சான்றோடு எழுதலாம். எழுந்தால் நான்கு. வடித்ததையெல்லாம் சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் 40–45 டிகிரியில், குறைந்த அழுத்தத்தில் வற்ற வைக்க வேண்டும்.

கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பொடியில் இறக்கும் சாக்ஸ்லெட் கருவி கூடாதா என்றால், கூடும். ஆனால் கொதிகலனில் சேரும் சாறு மணிக்கணக்கில் கொதிநிலையிலேயே கிடக்கும். கெட்டியான நிலத்து வேருக்கு அந்தத் தண்டனை தேவைப்படலாம், மென்மையான ஆய்வக வேருக்குத் தேவையில்லை. மீக்கடப்பு கார்பன் டை ஆக்சைடு பற்றியும் கேட்பார்கள். 31 டிகிரி, 74 பார் அழுத்தத்துக்கு மேல் அந்த வாயு திரவம்போலக் கரைக்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை விட்டால் மிச்சமின்றிப் பறந்துவிடும். கரைப்பான் எச்சம் இல்லை என்பதால் விளம்பரத்துக்கு நல்லது. ஆனால் தனியாக அது எண்ணெய்ப் பக்கப் பொருட்களையே விரும்பும்; வித்தனோலைடுக்குக் கூடவே கொஞ்சம் எத்தனால் வேண்டும். சர்க்கரை ஒட்டியவை அதற்கும் மசியாது. திட்ட வேலைக்கு அந்த இயந்திரம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

சாற்றை மேலும் பிரிக்க வேண்டுமானால், நீரில் கலக்கிக் குளோரோஃபார்ம் அல்லது எத்தில் அசிட்டேட்டில் குலுக்குங்கள். வித்தனோலைடுகள் அங்கே போகும். மிஞ்சிய நீரை பியூட்டனாலில் குலுக்கினால் வித்தனோசைடுகள் வரும். குளோரோஃபார்ம் பகுதியைச் சிலிக்கா நிரலில் ஏற்றி, மெத்தனாலைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே இறக்கலாம். இது பொறுமை சம்பந்தப்பட்ட வேலை, புத்தி சம்பந்தப்பட்டதல்ல.

அளவிடுவதுதான் புத்தி சம்பந்தப்பட்டது. கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சி18 நிரல், நீர்–அசிட்டோநைட்ரைல் கலவை, 227 நானோமீட்டர் ஒளி என்பது புழக்கத்தில் உள்ள ஏற்பாடு. தூய ஒப்பீட்டுப் பொருள் சில மில்லிகிராம் கொண்ட சீசா என்றாலும் விலை கையைக் கடிக்கும். அதைத் தவிர்க்க வழியில்லை. ‘வரும் நேரம் ஒத்துப்போகிறது, எனவே இது வித்தனோலைடு ஏ’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் சாற்றிலேயே கொஞ்சம் தூய பொருளைச் சேர்த்து மறுபடி ஓட்டி, வரைபடத்தில் அதே சிகரம் பக்கத்தில் துருத்தல் எதுவும் இல்லாமல் உயர்கிறதா என்று பாருங்கள். நிறைமானி இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்ற நினைப்பும் அமுக்கராவில் பலிக்காது. வித்தஃபெரின் ஏ, வித்தனோலைடு ஏ, வித்தனோன் மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான்: சி28 எச்38 ஓ6, நிறை 470.6. மூன்றும் ஒரே எடையில் வந்து நிற்கும். நிரலில் நன்றாகப் பிரித்தால்தான் எது எது என்று சொல்ல முடியும்.

இன்னொரு வலையும் உண்டு. ‘மொத்த வித்தனோலைடு’ என்று நிறமானியிலோ, எடை போட்டோ தரப்படும் எண். சந்தையில் பல சாறுகளின் சீட்டில் இருப்பது இந்த எண்தான். அதே சாற்றை எச்.பி.எல்.சி.யில் ஓட்டினால் எண் இறங்கிவிடும், ஏனென்றால் வித்தனோலைடு அல்லாத பலவும் முதல் முறையில் கணக்கில் ஏறியிருக்கும். உங்கள் ஆய்வேட்டில் இரண்டில் எது என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள். வெளிச்சமா இருட்டா என்பதையும் எழுதுங்கள். மயிர்வேரை வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகத் தொடங்கும், அப்போது அதன் சத்துக் கோலமும் இருட்டு வேரைப்போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமுக்கராவில் வித்தஃபெரின் ஏ முக்கியமாக இலையில் சேரும் பொருள். வேர்ச் சாறு என்ற பெயரில் மலிவான இலையைக் கலக்கும் வழக்கம் முற்றியதால்தான், இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. வித்தஃபெரின் ஏ செல்களைக் கொல்லும் ஆற்றல் உள்ளது, புற்றுநோய் ஆய்வாளர்கள் அதை விரும்பக் காரணமும் அதுவே. எனவே ‘எங்கள் வேரில் வித்தஃபெரின் ஏ பல மடங்கு’ என்பது, விழுங்குகிறவருக்கு நல்ல செய்தி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சிறுதொழில் கனவைப் பற்றி. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊடகம். ஐந்து ஆறு வாரத்தில் அரை கிராம் உலர் வேர் என்று வையுங்கள். கிராமுக்கு 2 மில்லிகிராம் சத்து என்று தாராளமாகவே கொள்வோம். குடுவைக்கு ஒரு மில்லிகிராம். ஒரு கிராம் சத்துக்கு ஆயிரம் குடுவைகள், 50 லிட்டர் ஊடகம், ஒன்றரைக் கிலோ சர்க்கரை, ஆட்டோகிளேவ், ஏ.சி., ஷேக்கர் மின்சாரம், இடையில் பூஞ்சை பிடித்துக் கழிபவை. இந்தப் பக்கம், 0.3 சதவீதச் சத்துள்ள நிலத்து வேர் அரைக் கிலோ வாங்கினால், சேதாரம் போக அதே ஒரு கிராம் கிடைக்கும். அமுக்கரா வேர் கிலோ சில நூறு ரூபாய். ஆறு மாதப் பயிர், வறட்சி தாங்கும், அதிகம் கேட்காது. இதோடு குடுவை எப்படிப் போட்டியிடும்? தூண்டி போட்டுப் பத்து மடங்கு கூட்டினாலும் தேறாது. நீமச், மந்த்சௌர் உழவர்களை எந்த ஆய்வகமும் விலையில் தோற்கடிக்கப் போவதில்லை, தோற்கடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கே எடுபடும் என்றால், மூன்று நிபந்தனைகள் சேரும் இடத்தில்: செடி மெதுவாக வளர வேண்டும், பொருள் விலை கூடியதாக இருக்க வேண்டும், வேரைத் தோண்டினால் செடியே அழிய வேண்டும். ஜப்பானில் லித்தோஸ்பெர்மம் செடியின் வேரில் உள்ள ஊதாச் சாயமான ஷிகோனின் இந்தக் கணக்கில் பொருந்தியது. கியோட்டோவில் மமோரு தபாட்டா குழுவினரின் ஆய்வை வைத்து, மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அதைக் கலன்களில் செய்தது. கனேபோ நிறுவனம் அதில் உதட்டுச் சாயம் விற்றது. அங்கே வளர்த்தது வேரையல்ல, செல்களை. ஆனால் பாடம் ஒன்றுதான். முதல் தொட்டியில் செல்லைப் பெருக்கி, இரண்டாவது தொட்டியில் ஊடகத்தை மாற்றிச் சாயம் செய்யவைத்தார்கள். வளர்ச்சியும் சத்தும் ஒரே நாளில் உச்சம் தொடாது என்று மேலே சொன்னதன் தொழிற்சாலை வடிவம் அது.

வேரை அறுக்காமலே சத்தை எடுக்கும் வழியும் இருக்கிறது. பொருள் வெளியே கசியும் என்றால், ஊடகத்திலேயே உறிஞ்சும் பிசின் மணிகளைப் போட்டு வைக்கலாம். பொருள் மணியில் ஒட்டும், வேர் இன்னும் செய்யும், மணிகளை மட்டும் எடுத்து மெத்தனாலில் கழுவினால் போதும். டான்ஷென் என்ற சீன மூலிகையின் மயிர்வேரிலுள்ள சிவப்பு டான்ஷினோன்களை இப்படி எடுத்திருக்கிறார்கள். பிரான்ஸில் நான்சி நகருக்கு அருகே பிளான்ட் அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், செடிகளை மண்ணில்லாமல் வளர்த்து, வேரிலிருந்து மட்டும் அவ்வப்போது சத்தை வடித்துக்கொண்டு செடியை உயிரோடு விட்டுவிடுகிறது. ‘பால் கறக்கும் செடிகள்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமுக்கராவில் பெரும்பகுதி வேருக்குள்ளேயே தங்கிவிடுவதால் இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்காது.

நம் நாட்டு வேர்களில் எனக்கு நம்பிக்கை தருபவை வேறு. இமயத்துக் கோஷ்டம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான தடை உள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் இரண்டாம் பட்டியலில். மூன்றுமே வேர் அல்லது வேர்த்தண்டுக்காகத் தோண்டப்பட்டு மலையில் அருகிவருபவை. நம் பக்கத்தில் மாகாளிக்கிழங்கு. ஊறுகாய்க்காகக் காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டுவதால் கொடியே போய்விடுகிறது. அதன் மணத்துக்குக் காரணமான பொருள் வெனிலினின் மாற்றியம். நன்னாரி வேரின் மணமும் அதுதான். மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. இங்கே நான் மேலே சொன்ன செய்முறையை அப்படியே எடுத்துச் செய்தால் பாதி மணம் அடுப்பிலும் ஆவியாக்கியிலும் பறந்துபோகும். ஆவியில் எளிதில் ஏறும் பொருள் என்பதால் பச்சை வேரை நேராக நீராவியில் வடிக்க வேண்டும். எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்யாமல் எந்த முறை நல்லது என்று கேட்க முடியாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மயிர்வேரில் பாக்டீரியாவின் மரபணுத் துண்டு இருக்கிறது. எனவே மரபணு மாற்றிய உயிர்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விற்க நினைத்தால் அது பல படி தாண்டிய விவகாரம். சித்த மருந்தாக விற்பதும் சிக்கல்தான். அமுக்கராச் சூரணம் சொல்லும் நூல்கள் மண்ணில் விளைந்து, பாலாவியில் பிட்டவியல் செய்து தூய்மையாக்கிய கிழங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குடுவை வேரை அதன் இடத்தில் வைக்க நூல் ஆதாரம் காட்ட முடியாது என்பது என் கருத்து.

செய்த சாற்றை யாரும் சுவைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். நண்பர்கள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மருந்துகளில் தங்கக்கூடிய கரைப்பான் எச்சத்துக்குச் சர்வதேச வரம்பு மெத்தனாலுக்குப் பத்து லட்சத்தில் 3,000 பங்கு, ஹெக்சேனுக்கு 290, குளோரோஃபார்முக்கு 60. கண்ணுக்கு உலர்ந்த பொடியாகத் தெரியும் சாறு இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம், வாயு குரோமட்டோகிராஃபி இல்லாமல் தெரியாது. உண்பதற்கான சாறு என்றால் எத்தனாலும் நீரும் மட்டுமே, ஆய்வுக்கு மெத்தனால்.

உங்கள் திட்டத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். கரைப்பான்கள் ஐந்தை ஒப்பிடும் அட்டவணையை விட்டுவிடுங்கள், அது பலமுறை அச்சாகிவிட்டது. அதற்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடை வேர், நீங்களே தொட்டியில் வளர்த்த ஆறு மாத வேர், இருட்டில் வளர்ந்த மயிர்வேர், அது வளர்ந்த ஊடகம், இந்த நான்கையும் ஒரே நாளில், ஒரே முறையில் பிரித்து, ஒரே நிரலில் ஓட்டுங்கள். வித்தனோலைடு ஏ, வித்தஃபெரின் ஏ, ஏதேனும் ஒரு வித்தனோசைடு ஆகிய மூன்றை மட்டும் அளந்தால் போதும். கடை வேரில் வித்தஃபெரின் ஏ சந்தேகப்படும்படி உயர்ந்திருந்தால், அந்தப் பொடியை நுண்ணோக்கியில் வைத்து இலைத்துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வேரில் இலைத்துளை இருக்க நியாயமில்லை. மீந்த பொடியைக் காற்றுப் புகாத சீசாவில், மைனஸ் 20 டிகிரியில் வைத்து, வரிசை எண்ணையும் அறுவடைத் தேதியையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை மெத்தனால் பட்டால் அழிந்துவிடும்.